வாலென்சியாவில் நான்கு இரவு: எங்கே சாப்பிட, எங்கே குடிக்க, எங்கே ஆட, எங்கே தூங்க?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசியில், வியாழன் மாலை ஸ்பெயினின் வாலென்சியாவுக்கு வந்து திங்கள் மாலை கிளம்புகிறீர்கள். நான்கு நண்பர்கள். ஒருவர் சுத்த சைவம், ஒருவர் மது தொடமாட்டார், மற்ற இருவருக்கும் எல்லாம் ஓகே. நல்ல பயேயா (அகல வாணலியில் சமைக்கும் அந்த ஊர் அரிசிச் சாப்பாடு) எங்கே, இரவு எங்கே போவது, எந்த ஏரியாவில் ரூம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில வருடங்கள் அந்த ஊரில் குடியிருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். வாலென்சியாவில் கடைப் பெயரைவிடக் கடிகாரம் முக்கியம். எதை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதில் அந்த ஊர்க்காரர்கள் அத்தனை கறார். நேரம் தப்பினால், நல்ல கடையிலும் மோசமான சாப்பாடுதான் கிடைக்கும், அல்லது சாத்திய கதவுதான் கிடைக்கும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். நான்கு மணிக்குச் சமையலறை மூடிவிடும். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு முன்னால் கிடையாது. இடையில் பசித்தால் பாரில் ஏதாவது கொறிக்கலாம், அவ்வளவுதான். அதனால் நான் கடைகளை வரிசையாகச் சொல்லாமல், ஒரு நாள் எப்படி ஓடும் என்ற கணக்கில் சொல்கிறேன்.

காலை எழுந்ததும் ஹோட்டல் பஃபே பக்கம் போகாதீர்கள். ஒரு காபி மட்டும் போதும். பத்து மணிக்கு 'எஸ்மோர்சாரெட்' என்ற சடங்கு இருக்கிறது. வேலைக்குப் போன கொத்தனாரும், வங்கி ஊழியரும், ஓய்வு பெற்ற தாத்தாக்களும் ஒரே பாரில் உட்கார்ந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி சாண்ட்விச்சை முடிக்கிற நேரம் அது. உட்கார்ந்ததும் கேட்காமலே ஆலிவும் வேர்க்கடலையும் வரும். கூடவே பீரோ, சோடா கலந்த வைனோ. சாண்ட்விச்சில் 'சிவிதோ' என்றால் இறைச்சி, பேக்கன், முட்டை, மயோனைஸ் எல்லாம் அடைத்தது. 'பிரஸ்காதா' என்றால் மாட்டிறைச்சி, ஹாம், வதக்கிய வெங்காயம். சைவ நண்பருக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்தது எல்லா பாரிலும் உண்டு, ஆனால் முட்டை சாப்பிடுவாரா என்று தெரியவில்லை. சாப்பிடமாட்டார் என்றால் தக்காளி, சீஸ், வறுத்த மிளகாய் வைத்துத் தரச் சொல்லலாம், தருவார்கள். ஆளுக்கு ஏழு முதல் பத்து யூரோ ஆகும்.

இதன் கடைசிக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது: 'கிரெமாயெட்'. ரம்மில் சர்க்கரை, எலுமிச்சைத் தோல், பட்டை, சில காபிக் கொட்டைகள் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். நீல நெருப்பு கொஞ்ச நேரம் ஆடும். சாராய நெடி குறைந்ததும் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, அதன் மேல் காபியை மெதுவாக விடுவார்கள். அடியில் ரம் பழுப்பாக, நடுவில் காபி கறுப்பாக, மேலே நுரை என்று அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். கலங்கி வந்தால் ஆள் புதுசு என்று அர்த்தம். எரித்தாலும் மது முழுக்கப் போய்விடாது, ஆகவே குடிக்காத நண்பருக்கு வேண்டாம்.

கடலோரக் கபன்யால் பகுதியில் லா பஸ்குவாலா என்ற பார் இந்த வகை சாண்ட்விச்சுக்குப் பெயர்போன இடம். அளவைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், பாதி வாங்கிப் பகிரலாம். நகர நடுவிலேயே வேண்டும் என்றால் மெர்காடோ சென்ட்ரால் சந்தைக்குள் இருக்கும் சென்ட்ரால் பார். இரண்டு மிஷலின் நட்சத்திரம் வைத்திருக்கும் ரிக்கார்டு கமரேனா என்ற சமையல்காரருடையது. ஸ்டூல் கிடைக்கக் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். சந்தையே பார்க்க வேண்டிய ஒன்றுதான். 1928-இல் திறந்தது, இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளுமாய் ஒரு பெரிய கூடம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அது மதியம் மூன்று மணியோடு சரி, ஞாயிறு விடுமுறை. உங்களுக்கு வெள்ளி அல்லது சனி காலைதான் வாய்ப்பு. எதிரிலேயே லோன்ஹா என்ற பழைய பட்டு வணிகக் கூடம், 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முறுக்கிய தூண்களைப் பார்க்க அரை மணி நேரம் கொடுங்கள்.

சரி, பயேயா. இதில்தான் வெளியூர்க்காரர்கள் காசை விடுகிறார்கள்.

வாலென்சியாக்காரர்களுக்கு இது மதியச் சாப்பாடு. இரவில் சாப்பிட்டால் வயிறு கனக்கும் என்பார்கள். இரவு எட்டு மணிக்கு, வாசலில் பளீர் மஞ்சள் போட்டோ பலகை வைத்து, ஒரு ஆளுக்கு ஒரு தட்டு பயேயா தருகிறேன் என்று கூப்பிடும் கடை எதுவாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். அசல் வாலென்சியா பயேயாவில் கடல் உணவு கிடையாது. கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், 'கர்ரஃபோ' என்ற பெரிய வெள்ளைப் பட்டை அவரைக்கொட்டை, தக்காளி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய். சில வீடுகளில் நத்தை, ஒரு கிளை ரோஸ்மேரி. சோரிசோ தொத்திறைச்சி போட்டால் சண்டைக்கே வருவார்கள். கடல் உணவு வேண்டும் என்றால் தனிப் பெயரில் கேளுங்கள்: 'அர்ரோஸ் தெல் சென்யோரெட்' என்றால் ஓடு நீக்கிய இறால் வகைகளோடு வரும், கையில் அழுக்குப்படாமல் சாப்பிடலாம். 'அர்ரோஸ் நெக்ரே' கணவாய் மையில் கறுத்தது. 'ஃபிதெவா'வில் அரிசிக்குப் பதில் சேமியா.

எப்படித் தெரியும் நல்லதா இல்லையா என்று? வாணலியை மேசைக்குக் கொண்டு வந்ததும் சோற்றின் உயரத்தைப் பாருங்கள். ஒரு விரல் தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது. கூட்டிக் குவித்திருந்தால் அது சோறு, பயேயா அல்ல. அரிசி போட்ட பிறகு கரண்டி படாது, கிளறவே மாட்டார்கள். அதனால்தான் அடியில் 'சொகர்ராட்' என்ற காந்தல் பிடிக்கிறது. நம் வீட்டுச் சோற்றுப் பானையில் அடியைச் சுரண்டி யார் சாப்பிடுவது என்று நடக்கிற போட்டி அங்கே பயேயா வாணலியில் நடக்கும். ஊர் முறைப்படி தட்டு வேண்டாம். ஆளுக்கொரு கரண்டி, தன் எதிரே இருக்கும் முக்கோணத்துக்குள் மட்டும் கை வைக்கணும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகணும். அடுத்தவர் பங்கில் இருக்கும் முயல் காலுக்குக் கை நீட்டினால் முறைப்பார்கள்.

இப்போது உங்கள் சிக்கல். பயேயா குறைந்தது இரண்டு பேருக்குத்தான் போடுவார்கள். சைவம் ஒருவர் மட்டும் என்றால், இன்னொருவர் அன்றைக்கு அவரோடு சேர்ந்து காய்கறிப் பயேயா சாப்பிட வேண்டும். 'பயேயா தெ வெர்துராஸ்' என்று கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். காய்கறி மட்டும் போட்டு, தண்ணீருக்குப் பதில் கோழிச் சாறு ஊற்றுவது சகஜம். டேபிள் புக் செய்யும்போதே 'சின் கால்தோ தெ கார்னே' என்று சொல்லிவிடுங்கள், இறைச்சிச் சாறு வேண்டாம் என்பதை அவர்கள் புரிந்துகொள்வார்கள். குடிக்காதவரும் சைவ நண்பரும் ஜோடி சேர்ந்தால் பில் பிரிப்பதும் எளிது.

இடம்? மூன்று வழிகள். கடற்கரையில் லா பெபிகா, 1898-இலிருந்து இருக்கிறது, எழுத்தாளர் ஹெமிங்வே சாப்பிட்ட இடம் என்பதால் கூட்டம். நான் அதைவிடச் சற்று வடக்கே மல்வர்ரோசா கடற்கரையிலுள்ள காசா கார்மேலாவைச் சொல்வேன். 1922-இல் தொடங்கியது, இன்றும் ஆரஞ்சு மர விறகில் சமைக்கிறார்கள். விலை கூடுதல்தான், முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். வார இறுதிக்குச் சில வாரம் முன்பே மேசை போய்விடும்.

மூன்றாவது அல்புஃபெரா. பணம், நேரம் இரண்டையும் பார்த்தால் உங்களுக்கு இதுதான். நகரத்துக்குத் தெற்கே பத்து கிலோமீட்டரில் பெரிய நன்னீர் ஏரி, சுற்றிலும் நெல் வயல். 1986 முதல் இயற்கைப் பூங்கா. ஏரிக்கரையில் எல் பால்மார் என்ற சின்ன ஊர், தெரு முழுக்க அரிசிச் சாப்பாட்டுக் கடைகள். நகரப் பேருந்து 24 போகும், ஆனால் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் விதைத்த நெல்லை செப்டம்பரில் அறுப்பார்கள். நீங்கள் போகும்போது அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், சாலையில் வைக்கோல் பறக்கும், பின்னாலேயே கொக்குக் கூட்டம் நடக்கும். அங்கே 'ஆல் இ பெப்ரெ' என்று விலாங்கு மீனை பூண்டும் சிவப்பு மிளகாய்த் தூளும் போட்டு வைத்த குழம்பு உண்டு. மீன் சாப்பிடுகிறவர்கள் விட்டுவிடக் கூடாது, ரொட்டியால் வழித்துச் சாப்பிடணும். சாப்பிட்ட பிறகு படகு. சூரியன் எட்டு மணிக்குச் சற்று முன்னால்தான் விழும், அந்த நேரப் படகைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த நாள் போவது? வெள்ளி மதியம். ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஞாயிறு அன்று வாலென்சியா குடும்பங்கள் பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல் பால்மாரில்தான் இருக்கும்.

மாலை ஆறு மணி ஓர்சாத்தாவுக்கு. குடிக்காத நண்பருக்கும் சைவ நண்பருக்கும் இதுதான் வாலென்சியாவின் பரிசு. 'சூஃபா' என்பது கோரைப்புல் இனத்தின் சின்னக் கிழங்கு. அதை ஊற வைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்து ஜில்லென்று தருவார்கள். பால் ஒரு சொட்டு கிடையாது, ஆனால் பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். கூடவே 'ஃபார்தோன்ஸ்' என்று விரல் போல நீண்ட இனிப்பு ரொட்டி, தோய்த்துச் சாப்பிட. நகர நடுவில் சாந்தா கதலீனா கடை பழசு, அழகு, ஓடு பதித்த சுவர்கள். ஆனால் சூஃபா விளைவது நகரின் வடக்கு எல்லையில், அல்போராயாவைச் சுற்றியுள்ள வயல்களில். மெட்ரோ மூன்றாம் பாதையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அங்கே இருக்கலாம், ஓர்சாத்தேரியா தானியேல் அங்கேதான் இருக்கிறது. பாட்டில் ஓர்சாத்தாவைச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக் குடித்துவிட்டு 'என்னங்க இது' என்று கேட்டவர்கள் நிறைய. அன்றைக்கு அரைத்தது வேறு. சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் சூட்கேஸில் எடுத்துப்போக நினைக்காதீர்கள்.

இரவு எட்டிலிருந்து தபாஸ், அதாவது பாரில் சின்னத் தட்டுகளில் வரும் கொறிப்பு வகைகள். கபன்யாலில் காசா மொன்தான்யா, 1836-இலிருந்து இருக்கும் மதுக்கடை. பழைய பீப்பாய்கள் வரிசையாக நிற்கும், நெத்திலியும் வைனும் அங்கே விசேஷம். உள்ளூர் வைன் கேட்டால் உதியெல்-ரெகேனா பகுதியின் 'பொபால்' என்ற உள்ளூர்த் திராட்சையில் செய்த சிவப்பு ஒன்றைக் கேளுங்கள், விலைக்கு நல்ல சரக்கு. பீர் என்றால் துரியா, கொஞ்சம் வறுத்த வாசனையோடு செம்பழுப்பாக இருக்கும். 'க்லோச்சினா' என்ற உள்ளூர்ச் சின்னச் சிப்பிக்கு மே முதல் ஆகஸ்ட் வரைதான் காலம். நீங்கள் போகும்போது அந்தப் பெயரில் தந்தால் நம்பாதீர்கள்.

சைவ நண்பருக்குச் சில எச்சரிக்கைகள். 'எஸ்கர்ராயெட்' வெறும் சுட்ட குடைமிளகாய் மாதிரி தெரியும், உள்ளே உப்புக் கருவாடு இருக்கும். 'என்சலாதா வாலென்சியானா' என்ற சாலடில் சூரை மீனும் முட்டையும் வரும். கீரைக் குரோக்கெட்டாவில்கூட (உருட்டிப் பொரித்த பலகாரம்) ஹாம் இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை பதாதாஸ் பிராவாஸ் (சாஸ் விட்ட உருளைக்கிழங்கு வறுவல்), வறுத்த பத்ரோன் மிளகாய், தேன் விட்ட கத்தரிக்காய் வறுவல், தக்காளி தேய்த்த ரொட்டி. ருஸாஃபா பகுதியில் முழுச் சைவ உணவகங்களும் உண்டு, ஒரு இரவை அவருக்காக அங்கே ஒதுக்குங்கள்.

இனி இரவு. வாலென்சியாவில் பார்ட்டி மூன்று தவணையாக நடக்கும். பத்திலிருந்து ஒன்றரை வரை பார்கள், அப்புறம் டிஸ்கோ, விடியும்போது சுரோஸ் என்ற பொரித்த மாவுப் பலகாரம் அல்லது தூக்கம். பன்னிரண்டு மணிக்கு டிஸ்கோவில் போய் நின்றால் நீங்களும் டிஜேயும்தான் இருப்பீர்கள்.

முதல் இரவு எல் கார்மென் என்ற பழைய நகரத்தில் தொடங்குங்கள். காஃபே தெ லாஸ் ஓராஸ் என்று ஒரு கடை. சரவிளக்கு, திரைச்சீலை, சிலைகள், பூக்கள் என்று நாடக மேடை போல அலங்கரித்திருப்பார்கள், கொஞ்சம் ஓவர்தான், ஆனால் பிடித்துப்போகும். அங்கே 'அகுவா தெ வாலென்சியா' குடியுங்கள். ஆரஞ்சுச் சாறு, காவா என்ற ஸ்பானிய நுரை வைன், வோட்கா, ஜின் சேர்ந்த கலவை. 1959-இல் செர்வெசேரியா மாத்ரித் என்ற பாரில் கொன்ஸ்தான்தே கில் என்பவர் உருவாக்கினார். ஜூஸ் போல இறங்கும், இரண்டாவது ஜாடிக்குப் பிறகுதான் வேலையைக் காட்டும். பிழிந்த சாறா, பெட்டிச் சாறா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அதே பகுதியில் ஜிம்மி கிளாஸ் என்ற ஜாஸ் பார், சின்ன இடம், உலகத் தரமான கலைஞர்கள் வருவார்கள். டிக்கெட்டை முன்பே எடுக்க வேண்டும்.

வெள்ளியும் சனியும் ருஸாஃபா. ஐரோப்பிய நகரங்களில் இப்போது எல்லா இடத்திலும் இருக்கும் 'ஹிப்' ஏரியாதான், ஆனால் நடுவில் காய்கறிச் சந்தையும் பழைய குடித்தனங்களும் இன்னும் இருப்பதால் செயற்கையாகத் தெரியாது. தெருத் தெருவாக பார் மாறிக்கொண்டே போகலாம், தனியாகப் பெயர் எதுவும் தேவையில்லை. மாணவர் விலையில் வேண்டும் என்றால் பெனிமக்லெட், அல்லது பிளாசா தெல் செத்ரோ சுற்றுவட்டாரம். உங்கள் வியாழன் இரவுக்கு அதுவும் பொருந்தும். பெரிய ஆட்டத்துக்குத் துறைமுகப் பக்கம் மரினா பீச் கிளப். செப்டம்பரில் கடலோரத் திறந்தவெளி இன்னும் நடக்கும், ஆனால் உடை விஷயத்தில் கெடுபிடி, அரைக்கால் சட்டையில் போகாதீர்கள். கிளப்புகள் திறப்பதும் மூடுவதும் மாறிக்கொண்டே இருப்பதால், போகும் வாரம் அவர்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். தெருவில் பாட்டிலோடு நின்று குடித்தால் அபராதம் உண்டு.

இடைச்செருகலாக ஒன்று. எலக்ட்ரானிக் இசை கேட்பவர்கள் உங்களில் இருந்தால், அல்புஃபெரா பேருந்து போகும் தெற்குச் சாலையைச் சற்று மரியாதையோடு பாருங்கள். 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் 'ருத்தா தெல் பகலாவ்' என்று அழைக்கப்பட்ட கிளப் வரிசை அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. பர்ராகா, ஸ்பூக், சாக்லேட், புசில் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் தாவி, வெள்ளி இரவு தொடங்கியவர்கள் ஞாயிறு வரை ஓயமாட்டார்கள். கிளப்புக்குள் ஆடியதைவிட வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஆடியதுதான் அதிகம் என்பார்கள். போதைப்பொருளும் சாலை விபத்தும் சேர்ந்து, கடைசியில் போலீஸ் சோதனையோடு அந்தக் காலம் முடிந்தது.

தங்குமிடம். கடைசியில் சொல்வதற்குக் காரணம், மேலே உள்ளதைப் பார்த்த பிறகுதான் இது புரியும். ருஸாஃபாவுக்கும் கொலோன் மெட்ரோ நிலையத்துக்கும் நடுவே, கிரான் வியா மார்கேஸ் தெல் துரியா என்ற மரங்கள் அடர்ந்த அகலச் சாலையை ஒட்டிய தெருக்களில் ரூம் போடுங்கள். பார்களுக்கு ஐந்து நிமிட நடை, ஜன்னலை மூடினால் தூங்கலாம், விமான நிலைய மெட்ரோவும் பக்கம். மூன்று, ஐந்து இரண்டு பாதைகளும் விமான நிலையத்திலிருந்து நேராக வரும். எல் கார்மெனில் தங்கினால் அழகு, ஆனால் தெரு குறுகல், மூன்று மணிக்குக் கீழே பேசுகிறவன் உங்கள் கட்டிலில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். கடல் வேண்டும் என்றால் கபன்யால், ஓடு பதித்த மீனவர் வீடுகள், நல்ல சாப்பாடு. ஆனால் ருஸாஃபாவிலிருந்து இரவில் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும். ஊர் சின்னது, நான்கு பேர் பிரித்தால் பெரிய தொகை இல்லை. கலத்ராவா என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வெள்ளைக் கட்டடங்கள் உள்ள அறிவியல் நகரத்துக்கு எதிரே ஹோட்டல் மலிவாகக் கிடைக்கும், போட்டோவும் நன்றாக இருக்கும். ஆனால் இரவு இறங்கிச் சாப்பிடப் போனால் அகலச் சாலையும் ஷாப்பிங் மாலும்தான். நான் போடமாட்டேன்.

அந்த வெள்ளைக் கட்டடங்களுக்கு நடந்தே அல்லது சைக்கிளில் போகலாம், துரியா பூங்கா வழியாக. 1957 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள், காய்ந்த பழைய படுகை ஒன்பது கிலோமீட்டர் தோட்டமாகிவிட்டது. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் மைய நகரம் தப்பியதற்கு அந்தப் புதுப் படுகைதான் காரணம். ஆனால் அதற்குத் தெற்கே இருந்த பைபோர்த்தா, கதர்ரோகா போன்ற ஊர்கள் சீரழிந்தன, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளூர்க்காரர்களிடம் பேசும்போது இந்தப் பேச்சு வந்தால் மெதுவாகக் கேளுங்கள், பலருக்கு அங்கே உறவினர் உண்டு.

அபார்ட்மெண்ட் எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தில் சுற்றுலாப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை விடுங்கள். அக்கம்பக்கத்தினர் சுற்றுலா வீடுகள் மேல் கடுப்பில் இருக்கிறார்கள், மாடிப்படியில் இரவு சத்தம் போட்டால் போலீஸ் வரும்.

ஞாயிறு, திங்களுக்கு என்ன? ஞாயிறு சந்தை இல்லை, நல்ல கடைகளில் பல இரவில் மூடியிருக்கும். அதனால் ஞாயிறு தாமதமாக எழுந்து, கடற்கரை, மதியம் லேசாகத் தபாஸ், மாலை அல்போராயா. திங்கள் உணவகங்கள் பலவும் விடுமுறை, ஆனால் அலுவலகப் பகுதிகளில் 'மெனூ தெல் தியா' உண்டு. இரண்டு வகை உணவு, இனிப்பு அல்லது காபி, ஒரு பானம் சேர்ந்து பதிமூன்றிலிருந்து பதினெட்டு யூரோ வரை. விமானத்துக்கு முன் அதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

பயணத்தை மார்ச்சுக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மாடி உயரப் பொம்மைகளைத் தெருத் தெருவாக நிறுத்தி, 19-ஆம் தேதி இரவு கொளுத்துவார்கள். 1-ஆம் தேதியிலிருந்தே தினமும் மதியம் இரண்டு மணிக்கு நகர்மன்றச் சதுக்கத்தில் 'மஸ்க்லேதா' என்ற வெடி, நெஞ்சு அதிரும். தெருவெல்லாம் பந்தல், விடிய விடிய ஆட்டம், பூசணிக்காய் போண்டா போலப் பொரித்துச் சாக்லேட்டில் தோய்த்துத் தருவார்கள். பார்ட்டிதான் நோக்கம் என்றால் அதற்கு ஈடில்லை. ஆனால் தூக்கம் இருக்காது, ரூம் வாடகை பல மடங்கு, காலை எட்டு மணிக்கே வெடி போட்டு எழுப்புவார்கள், சாலைகள் மூடியிருப்பதால் டாக்சியும் வாசலுக்கு வராது. மேலே சொன்ன எந்தக் கடையிலும் முன்பதிவில்லாமல் இடம் கிடைக்காது. சாப்பாடு முக்கியம் என்றால் செப்டம்பரிலேயே இருங்கள். மார்ச்தான் என்று முடிவானால் ரூமை இந்த வாரமே போட்டுவிட்டு, மெட்ரோ நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்று மேப்பில் சரிபாருங்கள்.